கண்மாய்க் கணக்கு

அன்புள்ள சுந்தரம்,

நலம். மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்து ரொம்ப சந்தோஷம். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டிருந்தாய். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைச் சாட்டிலைட் படங்களை வைத்து வரைபடமாக்குகிறோம். அமெரிக்காவின் லேண்ட்சாட் சாட்டிலைட் படங்கள் 2008 முதல் இலவசம். 2015-இல் ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட் வந்தபிறகு, ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் என்கிற அளவுக்கு நுணுக்கமான படமும் கைக்கு வந்துவிட்டது. தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அந்த அலைவரிசையில் நீர் கறுப்பாகவும் பயிர் பளிச்சென்றும் தெரியும். மேட்டூர், வைகை மாதிரி அணைகளுக்கு இதுவே போதும்.

நம்ம ஊர்க் கண்மாய்தான் பாடாய்ப் படுத்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். வானம் முழுக்க மேகமாக இருப்பதும் அப்போதுதான். தையில் நல்ல படம் கிடைப்பதற்குள் பாதித் தண்ணீர் வயலுக்குப் போயிருக்கும். ஆகவே, மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் சென்டினல்-1 சாட்டிலைட்டின் ரேடார் படங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். அப்படியும், கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால், தண்ணீர் நின்றாலும் மரம்தான் தெரிகிறது.

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984 முதல் 2015 வரையிலான சுமார் 30 லட்சம் லேண்ட்சாட் படங்களை அலசி, உலக நீர்ப்பரப்பு வரைபடத்தை 2016-இல் வெளியிட்டது. அசுர உழைப்பு, நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் படம் எடுத்த அன்று தண்ணீர் கண்ணில் பட்டால்தான் அதில் கணக்கு. நாலு வருஷம் மழை பொய்த்தாலும் கண்மாய் கண்மாய்தான், சுந்தரம். வறண்டு கிடக்கும் உள்வாயைத் தரிசு என்று ஒரு வரைபடம் காட்டிவிட்டால், பிளாட் போட நினைப்பவனுக்கு அதுவே சாட்சியாகிவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை.

அதனால் நான் கரையைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறேன். சொட்டுத் தண்ணீர் இல்லாத சித்திரையிலும் கரை தெரியும்: சரிவுக்குக் குறுக்கே ஒரு வளைந்த கோடு, மேலே உள்வாய், கீழே பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்கள். கரையின் இரண்டு முனைகளிலிருந்தும் நிறைந்த வருஷத்து நீர் விளிம்பைத் தொட்டு எல்லையை வரைகிறேன். பிறகு நில எல்லைகளைக் காட்டும் கிராமப் புலப்படத்தோடு பொருத்திப் பார்ப்பேன்.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையும், மிகுநீர் வழியும் கலுங்கும் இந்தப் படங்களில் தெரியாது. உங்கள் ஊர்க் கண்மாயில் அவை இருக்கும் இடங்களைப் போனில் குறித்து அனுப்பு. அப்படியே நீர்ப்பாய்ச்சியிடம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்றும் கேட்டு எழுது. மழைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ராசு