இணையவழி முதலீட்டு வங்கிப் பயிற்சிக்கு நம் தோட்டக் கணக்கே நல்ல தொடக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் உயர்தர வர்த்தகப் பிரிவிலும் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடங்களிலும் படிக்கும் பிள்ளைகள் பலர், முதலீட்டு வங்கிகளின், அதாவது கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டவும் கம்பனிகளை வாங்கி விற்கவும் உதவும் வங்கிகளின், இணையவழிக் கோடைகாலப் பயிற்சி பற்றிய விளம்பரங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, எது உண்மை, எப்படிச் சேர்வது என்று கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லிவருவதைத் தங்கள் பத்திரிகை வழியாக எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விடயங்கள் உலாவுகின்றன. முதலாவது, சம்பளத்துடன் கூடிய உண்மையான உள்ளகப் பயிற்சி. 2020இல் கொவிட் பரவியபோது நியூயோர்க், லண்டன் நகரங்களின் பெரிய முதலீட்டு வங்கிகள் இதை இணையத்துக்கு மாற்றின. பத்து வாரப் பயிற்சியைச் சில வங்கிகள் ஐந்து வாரமாகச் சுருக்கின. இப்போது பெரும்பாலானவை அலுவலகத்துக்கே திரும்பிவிட்டன. பட்டப்படிப்பில் இறுதியாண்டுக்கு முந்திய ஆண்டில் இருப்பவர்களையே பெரும்பாலும் எடுப்பார்கள். விண்ணப்பம் முந்திய ஆண்டிலேயே திறந்துவிடும். அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமையையும் பொதுவாகக் கேட்பார்கள்.

இரண்டாவது, ஃபோரேஜ் போன்ற தளங்களில் ஜேபி மோர்கன் முதலான நிறுவனங்களின் பெயரில் உள்ள இலவசச் செயன்முறைப் பயிற்சி. இதற்கு நேர்முகத் தேர்வு இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. பணியை வாசித்து, எக்செல் கோப்பையோ மின்னஞ்சல் வரைவையோ தயாரித்துப் பதிவேற்றினால் மாதிரி விடை திறக்கும். வங்கியில் யாரும் உங்கள் விடையைத் திருத்துவதில்லை. இது வேலை அனுபவம் ஆகாது. சுயவிவரக் கோவையில் 'தொழில் அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் எழுதக்கூடாது, 'மேலதிகப் பயிற்சிகள்' என்பதன் கீழ் எழுதலாம். மாதிரி விடையைப் பார்த்து எழுதினாலும் சான்றிதழ் கிடைக்கும் என்பது நேர்முகத் தேர்வு நடத்துபவர்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் விடைக்கும் மாதிரி விடைக்கும் எங்கே வித்தியாசம் வந்தது, ஏன் வந்தது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பயிற்சியின் பலன் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, 'பதிவுக் கட்டணம்' என்றும் 'பயிற்சி வைப்பு' என்றும் காசு கேட்பவர்கள். உண்மையான வங்கி எதுவும் பயிற்சிக்கு வருபவரிடம் பணம் வாங்குவதில்லை. மின்னஞ்சல் வங்கியின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். உள்ளூர் நிறுவனம் என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். பங்குத் தரகர், முதலீட்டு முகாமையாளர் என்று சொல்லிக்கொண்டால் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேசிய அடையாள அட்டைப் படத்தையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம்.

இந்தக் கடிதத்தின் முக்கிய விடயத்துக்கு வருகிறோம். ஐந்தாறு சான்றிதழ்களைச் சேர்ப்பதை விட, ஒரே ஒரு தோட்டக் கம்பனியை எடுத்து அதன் பெறுமதியை முழுமையாகக் கணித்துப் பாருங்கள். தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை என்று நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய கம்பனிகளே கொழும்பு பங்குச் சந்தையில் இருக்கின்றன. அவற்றின் ஆண்டறிக்கைகளைச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். கொழுந்தின் அளவும் நாட்சம்பளமும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்பது வெளிநாட்டுப் பயிற்சியாளருக்குப் பாடம். நம் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பேச்சு.

ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செலில் உள்ளீடு, கணிப்பு, முடிவு என மூன்று ஷீட். கையால் இடும் இலக்கம் நீல நிறம், சூத்திரம் கறுப்பு, வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சை. இதுதான் வங்கிகளின் வழக்கம். ஒவ்வொரு நீல இலக்கத்தின் பக்கத்திலும் அறிக்கையின் பக்க எண்ணை எழுதுங்கள். சூத்திரத்துக்குள் இலக்கத்தை நேரடியாக இடாதீர்கள். பிறகு அதைத் தேடிப்பிடிக்க யாராலும் முடியாது. கணிப்பு ஷீட்டின் அடியில் 'மொத்தச் சொத்து கழித்தல் பொறுப்பு கழித்தல் உரிமையாண்மை (பங்குதாரரின் பங்கு)' என்று ஒரு வரி வையுங்கள். அது எல்லா ஆண்டுகளிலும் பூச்சியமாக இருக்கவேண்டும். பூச்சியம் வராதபோது வித்தியாசத்தை 2ஆல் வகுத்துப் பாருங்கள்: அதே தொகை எங்காவது தென்பட்டால் அங்கே கூட்டல், கழித்தல் அடையாளம் மாறி இடப்பட்டிருக்கலாம்.

பிழை வரும் இடங்கள் தோட்டக் கம்பனிகளில் தனியானவை. அலகு முதலாவது: ஒரு கம்பனி ஆயிரம் ரூபாவில் எழுதும், இன்னொன்று மில்லியனில். நிதியாண்டு இரண்டாவது: சில மார்ச் 31இல் முடியும், சில டிசம்பர் 31இல். ஒப்பிடும் முன் ஒரே ஆண்டுக்குக் கொண்டுவரவேண்டும். மார்ச்சில் முடியும் கம்பனியின் 2024ஆம் ஆண்டு வேண்டுமானால் 2023/24 இலாபத்தில் 12இல் 3 பங்கும் 2024/25 இலாபத்தில் 12இல் 9 பங்கும் சேர்க்கவேண்டும்.

அடுத்து, இலாபத்துக்குள் ஒளிந்திருக்கும் காசில்லாத வருமானம். தோட்டங்களில் வளரும் மரங்களை உயிரியல் சொத்தாக நியாயப் பெறுமதியில், அதாவது இன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலையில், காட்டுவதால் வரும் ஆதாயம் இலாபநட்டக் கூற்றில் சேர்ந்துவிடும். மரம் வெட்டப்படவில்லை, காசு வரவில்லை. எபிட்டாவை, அதாவது வட்டி, வரி, பெறுமானத் தேய்வு, கடன்தீர்ப்புக்கு முந்திய இலாபத்தைக் கணிக்கும்போது இதை நீக்காவிட்டால் கம்பனி இருப்பதைவிடப் பெறுமதியானதாகத் தோன்றும்.

2022ஆம் ஆண்டு இலக்கங்களைத் தனியாகக் கவனியுங்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டதும் டொலர் 200 ரூபாவை அண்டிய நிலையிலிருந்து சில வாரங்களில் 360க்கு மேல் போனது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டதன் பின்விளைவாகத் தேயிலை உற்பத்தி விழுந்திருந்தபோதும், ஏலத்தில் ரூபா விலை ஏறியதால் இலாபம் பெருகியது. கம்பனியின் பெறுமதியைக் காண எபிட்டாவை ஒரு மடங்கால் பெருக்குவது வழக்கம்; அந்த ஓர் ஆண்டு எபிட்டாவை வைத்துப் பெருக்கினால் விடை நிற்காது. குறைந்தது மூன்று ஆண்டுச் சராசரியைப் போட்டு, ஏன் போட்டீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

பணிக்கொடையை, அதாவது வேலையிலிருந்து விலகும்போது தொழிலாளருக்குக் கொடுக்கவேண்டிய தொகையை, கடனாகக் கழிக்க மறப்பவர்கள் மிகப் பலர். தோட்டத் தொழிலாளருக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம், அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில். இருபது ஆண்டு வேலை செய்த ஒருவருக்குக் கணக்கிடும் நாட்சம்பளம் 1,000 ரூபா என்றால் 2,80,000 ரூபா. 1,350 என்றால் 3,78,000 ரூபா. சம்பளம் கூடிய அன்றே கடந்த இருபது ஆண்டுக்கான பொறுப்பும் சேர்ந்து கூடுகிறது. அந்த ஒரு வரி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஓய்வுகாலப் பணம். அதைக் கழிக்காமல் பங்குதாரருக்கு உரிய பெறுமதியைச் சொல்வது கணக்கிலும் பிழை, நியாயத்திலும் பிழை.

கழிவிட்ட காசுப்பாய்ச்சல் முறை என்பது வருங்காலத்தில் வரும் காசை ஒரு கழிவு வீதத்தால் குறைத்து இன்றைய பெறுமதியைக் காண்பது. இதில் பெரும் பிழை இறுதிப் பெறுமதியில், அதாவது தனித்தனியே கணித்த ஆண்டுகளுக்குப் பின் வரும் காசின் பெறுமதியில் வரும். பாடநூல் சூத்திரம் கம்பனி என்றென்றும் இயங்கும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது காணி விற்கப்படவில்லை. 53 ஆண்டுக் குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. பெரும்பாலான குத்தகைகள் 2045இல் முடிகின்றன. 2030இல் காசுப்பாய்ச்சல் 100 மில்லியன் ரூபா, கழிவு வீதம் 16%, வளர்ச்சி 5% என்று கொள்வோம். என்றென்றைக்குமான சூத்திரம் (100 × 1.05 ÷ 0.11) சுமார் 955 மில்லியன் தரும். 2045 வரையுள்ள 15 ஆண்டுக்கு மட்டும் கணித்தால் சுமார் 740 மில்லியன்தான். குத்தகை நீடிக்கப்படலாம் என்று நினைத்தால் இரண்டு விடைகளையும் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். ஆண்டறிக்கையின் குத்தகைக் குறிப்பை வாசித்தவர் யார், வாசிக்காதவர் யார் என்பதை இந்த ஒரு வரியே காட்டிவிடும்.

கழிவு வீதத்தில் நாணயத்தைக் கலக்காதீர்கள். வெளிநாட்டு மாதிரி விடையில் 9% என்று இருப்பதைப் பார்த்து ரூபாக் காசுப்பாய்ச்சலுக்கும் 9% போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ரூபாக் கணக்குக்கு மத்திய வங்கி வெளியிடும் திறைசேரி முறி (அரசாங்கக் கடன் பத்திரம்) வீதத்திலிருந்து தொடங்கவேண்டும். மேலுள்ள உதாரணத்தில் 16% என்பதை 14% ஆக மாற்றினாலே என்றென்றைக்குமான சூத்திரம் 1,167 மில்லியனுக்குத் தாவுகிறது. இதனால்தான் ஒரே விடையைக் கொடுக்காமல், வீதத்தை ஒரு பக்கமும் வளர்ச்சியை மறுபக்கமும் வைத்து அட்டவணை போடுகிறார்கள். நாட்சம்பளத்தை வைத்தும் அப்படி ஓர் அட்டவணை போடுங்கள். தேயிலைக் கம்பனிக்கு அது மிகப் பொருத்தம்.

நேரத்தையும் இணைப்பையும் சுருக்கமாகச் சொல்கிறோம். கோடையில் லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 1.30, நியூயோர்க்கில் காலை 9 என்றால் மாலை 6.30. முகம் தெரியும் குழு அழைப்பு மணிக்கு 1 ஜிகாபைட் வரை, சில சமயம் அதற்கு மேலும் எடுக்கும்; குரல் மட்டும் என்றால் 100 மெகாபைட்டுக்கும் குறைவு. அறிமுகத்துக்குக் கெமராவைப் போட்டு, பிறகு அனுமதி கேட்டு அணைத்துவிடலாம். கூட்டம் பகல் டேட்டாவில் போகும், ஆகவே ஆண்டறிக்கைகளை இரவு டேட்டாவில் இறக்கி வையுங்கள். கணினியில் வைஃபை இணைப்பை 'மீட்டர்ட்' (அளவுள்ள டேட்டா) என்று மாற்றாவிட்டால் விண்டோஸ் புதுப்பிப்பு பாதி டேட்டாவைக் குடித்துவிடும். மின்சாரம் போனால் மடிகணினி ஓடும், ரவுட்டர் அணையும். அதற்கென்று சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது, வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் அளவைப் பாருங்கள். தகரக் கூரையுள்ள வீட்டில் 4ஜி ரவுட்டரை அறை நடுவே வைக்காமல், கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். உண்மையான பயிற்சியில் வங்கியின் கோப்புகளைத் தொடர்பாடல் நிலையக் கணினியில் திறக்கக்கூடாது. அது இரகசிய ஒப்பந்தத்தை மீறுவது.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை நகரப் பொது நூலகங்களிடம் ஒரு வேண்டுகோள்: வார நாட்களில் பிற்பகல் 1.30 முதல் 4.30 வரை ஒரு மேசையும் மின் இணைப்பும் ஒதுக்கித் தாருங்கள். வீட்டில் பேசிப் பழக அமைதியான இடமில்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. பாடசாலைகளிடமும் கேட்கிறோம்: ஓகஸ்ட் விடுமுறையில் கணினி அறையை ஒரு வர்த்தக ஆசிரியரின் பொறுப்பில் திறந்து வையுங்கள். ஆண்டறிக்கை முழுவதையும் அச்சிடத் தேவையில்லை. நிதிக்கூற்றுகள், குத்தகைக் குறிப்பு, பணிக்கொடைக் குறிப்பு, உயிரியல் சொத்துக் குறிப்பு ஆகிய பக்கங்கள் போதும். நான்கு மாணவர் ஒரு கம்பனியைப் பகிர்ந்து, ஒருவர் இட்ட இலக்கத்தை மற்றவர் அறிக்கையுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்று வாரத்தில் ஒரு முழு மொடல், அதாவது பெறுமதிக் கணிப்புக் கோப்பு, தயாராகிவிடும்.

இப்படிக்கு,
மலையக வர்த்தகப் பாட ஆசிரியர்களும் நிதித்துறையில் பணிபுரிவோரும்,
ஹட்டன்.