எருக்கையும் விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சிகளை வரவழைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால் இட்லிப்பூ, உன்னி என்று தேன் தரும் பூக்களோடு அது நின்றுவிட்டது. தேன் வளர்ந்த பூச்சிக்குத்தான். முட்டையிட வேறு செடி வேண்டும். சில இனங்களுக்கு ஜோடி சேரவே இன்னொரு செடி வேண்டும்.

நம் ஊரில் எங்கும் பறக்கும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கிலும் அதன் இனச் செடிகளிலும். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடு நஞ்சுகள் உண்டு. புழு அசருவதில்லை. இலையின் நரம்பை முதலில் கடித்துவிடும். பால் அங்கேயே வடிந்துபோக, அதற்கு அப்பால் உள்ளதைச் சாவகாசமாகத் தின்னும். நஞ்சில் கொஞ்சத்தை உடம்பிலும் சேர்த்துக்கொள்ளும். இதன் நெருங்கிய உறவான மோனார்க் வண்ணத்துப்பூச்சியைத் தின்ற நீல ஜே பறவைகள் வாந்தி எடுப்பதை அமெரிக்கப் பூச்சியியலாளர் லிங்கன் பிரவர் 1960களில் சோதித்துக் காட்டினார்.

வெந்தய வரியன் ஆண்பூச்சியின் சங்கதி இன்னும் வேடிக்கை. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்றவற்றின் வாடிக் காய்ந்த கிளைகளை ஆண்கள் மொய்த்துக் கிடக்கும். பூவே இல்லாத இடத்தில் என்ன வேலை? அங்குள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களை உறிஞ்சத்தான். அவற்றிலிருந்து டனைடோன் என்ற மணப்பொருளைத் தயாரித்து, வயிற்று நுனி மயிர்க்கற்றையை விரித்துப் பெண்ணிடம் சேர்க்கும். அந்த மணம் குறைந்த ஆணுக்குப் பெண் எளிதில் இணங்குவதில்லை. குவீன் என்ற அமெரிக்க உறவினத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சீர் வாங்கும் கடை என்றே கிலுகிலுப்பையைச் சொல்லலாம்.

எங்கள் பகுதிப் பூங்காவில் வண்ணத்துப்பூச்சிக்கென ஒரு மூலையை ஒதுக்கினார்கள். முதல் வேலையாக வேலியோர எருக்கைக் களை என்று பிடுங்கி எறிந்தார்கள், புழுக்களோடு! பிள்ளையார் சதுர்த்தி மாலைக்கு மட்டும் அது வேண்டியிருக்கிறது.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பது உண்மைதான். பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். வேலி ஓரத்தில் ஒன்றிரண்டை விட்டுவைத்து, பக்கத்தில் கொஞ்சம் கிலுகிலுப்பை விதையைத் தூவலாம்; காய்ந்தவுடன் பிடுங்கிவிடக் கூடாது. பூச்சிமருந்து அடித்தால் எல்லாம் வீண். எந்தப் பூச்சி எந்தச் செடியில் முட்டையிடும் என்ற பட்டியலை அடுத்த இதழில் வெளியிட்டால் வாசகர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
திருநெல்வேலி