மார்கழி ராத்திரியில அம்மா

மல்லி,

இது உடம்பு சூடான்னு நீ போன்ல கேட்டப்ப பக்கத்துல மாமியார் இருந்தாங்க, வாயைத் திறக்க முடியல. முதல்ல அதைச் சொல்லிடறேன். மாதவிடாய் நின்னு ரெண்டு வருஷம் ஆனப்புறம் திட்டுத்திட்டா ரத்தம் படுதுன்னா அது உடம்பு சூடு இல்லடி. முக்கால்வாசி பேருக்கு பெருசா ஒண்ணும் இருக்காது, ஆனா கர்ப்பப்பை கேன்சருக்கும் அதுதான் முதல் அறிகுறி, கண்டிப்பா டாக்டர்கிட்ட காமிக்கணும்.

எனக்கும் மாதவிடாய் நிக்கிற காலம் ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு மாசம் வராது, மூணாவது மாசம் கொட்டு கொட்டுன்னு கொட்டுது. நெஞ்சுலேர்ந்து முகம் வரைக்கும் குப்புன்னு அனல் ஏறி, ரெண்டு மூணு நிமிஷத்துல ஜாக்கெட் நனைஞ்சு போய், அப்புறம் குளிருது.

போன ஞாயித்துக்கிழமை பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ் சாப்பிட வந்தாங்க, பரிமாறிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு அனல் வந்துச்சு, மறைக்காம சொல்லிட்டேன். ஒருத்தி "அது அறுபது வயசுலதானே ஆன்ட்டி"ங்கறா, இன்னொருத்தி "ஒருநாள் டக்குனு நின்னுடும், நாப்கின் செலவு மிச்சம்"ங்கறா. எல்லாம் 22 வயசு, காலேஜ் படிச்ச பொண்ணுங்க. நம்மூர் பொம்பளைங்களுக்கு சராசரியா 46, 47லயே நின்னுடுது, அதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடியே தூக்கமும் மனசும் ஆட்டம் காண ஆரம்பிச்சிடும், தொடர்ந்து 12 மாசம் வராம இருந்தாதான் நின்னதா கணக்கு, நடுவுல குழந்தை கூட தங்கலாம்னு சொன்னதும் சாப்பிடறதையே நிறுத்திட்டாங்க. பெரியவளானப்ப பந்தல் போட்டு ஊரைக் கூட்டி மஞ்சத்தண்ணி ஊத்தினோமே, முடியறதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி வளர்த்தோமா? அப்புறம் அதுங்களுக்கு எப்படித் தெரியும்.

நமக்கு மட்டும் யாரு சொன்னா. நாம ஃபைனல் இயர் படிச்சப்ப லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பார்த்தா அம்மா கொல்லைல துவைக்கிற கல்லு மேல உக்காந்திருக்காங்க, முந்தானையைத் தொட்டித் தண்ணில முக்கி கழுத்தைச் சுத்திப் போட்டிருக்காங்க. என்னம்மான்னு கேட்டேன். "புழுக்கமா இருக்கு, நீ போய்ப் படு"ன்னாங்க. மார்கழி மாசம்டி அது! நானும் போய்ப் படுத்துட்டேன். அந்த வருஷம் பூரா அவங்க எரிஞ்சு எரிஞ்சு விழுந்தப்ப பதிலுக்கு நானும் கத்தினேன், அதை நினைச்சா இப்பவும் நெஞ்சை அடைக்குது.

அடுத்த வருஷமே ரொம்பப் படுதுன்னு ஒரு ஆஸ்பத்திரில கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. இனிமே அது எதுக்குன்னு கேட்டாங்களாம். சினைப்பையும் சேர்த்துப் போனது பல வருஷம் கழிச்சு ஒரு ஸ்கேன்லதான் தெரிஞ்சுது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தா சினைப்பை ஹார்மோனைச் சுரந்துக்கிட்டே இருக்கும், சினைப்பையும் போச்சுன்னா ஒரே நாள்ல எல்லாம் நின்னுடும். ஆப்பரேஷனுக்கப்புறம் அனல் ஏன் இன்னும் அதிகமாச்சுன்னு அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. 62 வயசுல பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சுது. எலும்புக்கு 30 வயசுக்குள்ள சேர்த்ததுதான் சேமிப்பு, சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் இறங்கினதும் அது மளமளன்னு கரையுதுன்னு எனக்கு இப்ப ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். அதனாலதான் அந்தப் பொண்ணுங்ககிட்ட 22 வயசுலயே சொல்லணும்னு எனக்கு அவ்வளவு வேகம்.

எல்லாரும் போனப்புறம் என் பொண்ணு "அப்ப நீ ராத்திரில எழுந்து உக்காந்திருக்கறது அதுக்குத்தானாம்மா"ன்னு கேட்டா. அன்னைக்கு ராத்திரி ஒரு சொம்பு தண்ணியும் ஈரத்துண்டும் என் தலைமாட்டுல இருந்துச்சு.

உன் பொண்ணுகிட்டயும் சொல்லிடு, நீ பயந்துக்கிட்டு இருக்கறது உட்பட. வியாழக்கிழமை லீவு போட்டுட்டு காலை பஸ்ஸுக்கு வரேன், சேர்ந்தே டாக்டர்கிட்ட போவோம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தா எடுத்து வை.

உன்
செல்வி