சட்ட ஆய்வேட்டுக் குழுக்களுக்கு: நீதிமன்ற வாசலில் கேட்பதையும் ஆய்வாக ஏற்க ஒரு விண்ணப்பம்

கொழும்பிலுள்ள சட்டக் கல்வி நிறுவனங்களின் ஆய்வேட்டுக் குழுக்களில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, விரிவுரையாளர்களே,

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வரும் தமிழ் பேசும் வழக்காளிகளின் மொழி அனுபவம் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன்பு நான் முன்வைத்த ஆய்வுத் திட்டம், "இது சமூகவியல், சட்டம் அல்ல" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்தது. தலைப்பை மாற்றி, தீர்ப்புகளைத் தொகுத்து ஓர் ஆய்வேடு எழுதிப் பட்டமும் பெற்றுவிட்டேன். ஆகவே இது மனக்குறையைக் கொட்டும் மடல் அன்று (குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன்).

நீதிமன்றத்தில் பயன்படும் மொழியை அறியாத தரப்பினருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ மொழிபெயர்ப்பை அரசே வழங்க வேண்டுமென்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. அதன் எல்லைகளை உறுப்புரையையும் தீர்ப்புகளையும் வாசித்தே விளக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் வழக்கு என்னவாகிறது, விளங்காத கேள்விக்கு ஒருவர் ஏன் தலையசைத்துவிடுகிறார் என்பவை சட்ட அறிக்கைத் தொகுதிகளில் ஏறுவதில்லை. நீதிமன்றத்தில் உட்கார்ந்து அவதானித்தும், வெளியே வந்தவரோடு பொறுமையாகப் பேசியுமே அவற்றை அறிய முடியும்.

கேட்டறிவது சட்டத்துக்கு அந்நியம் என்போர், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை நினைத்துப் பார்க்கலாம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தின் திசாவையாக (ஆட்சி அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழமைகளைத் தொகுத்தார்; அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு உள்ளூர்த் தமிழ்த் தலைவர்களான 12 முதலிமாரின் ஒப்புதலைப் பெற்றது; பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். இன்றைய மாணவர் ஒருவர் இப்படியொரு மாதிரிக் குழுவோடு வந்தால், ஏன் 12 பேர், ஏன் எல்லோரும் முதலிமார், சீதனத்தோடு புகுந்த வீடு போன பெண்ணின் சொல் எங்கே என்று நீங்களே கேட்பீர்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுத் தருவதுதான், நேர்காணலையும் அவதானிப்பையும் கொண்டு ஆராயும் பண்புசார் ஆய்வுமுறை.

உங்கள் ஐயம் முழுவதும் ஆதாரமற்றதென்று சொல்லவில்லை. தெரிந்த ஐந்து சட்டத்தரணிகளிடம் பேசிவிட்டு, தமக்கு வேண்டிய வாக்கியங்களை மட்டும் ஆங்காங்கே பொட்டு வைப்பதுபோல் ஒட்டிய ஆய்வேடுகளை நானும் வாசித்திருக்கிறேன். யாரை ஏன் தெரிவு செய்தார், தன் முடிவுக்கு எதிராகப் பேசியவரை என்ன செய்தார் என்று சொல்லாத ஆய்வு, முரணான தீர்ப்பை மறைத்துவிட்டு வாதிடும் சட்டத்தரணிக்கு ஒப்பானது.

இங்கே மொழியும் ஒரு தனிச் சிக்கல். "கேஸைத் தள்ளிட்டாங்க" என்று வாசலில் ஒருவர் சொன்னால், தவணை போட்டார்களா, தள்ளுபடி செய்தார்களா? பேச்சுப் பதிவைக் கேட்டபடியே நேராக ஆங்கிலத்தில் எழுதுபவர் இரண்டில் ஒன்றைத் தாமாகவே தீர்மானித்துவிடுகிறார். வழக்கின் முடிவே தமக்குத் தெரியாமல் அந்த மனிதர் வீடு திரும்பியிருக்கலாம் என்ற உண்மை அங்கேயே தொலைந்துபோகிறது.

பேசுபவரின் பாதுகாப்பும் சிறிய விடயமன்று. சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கிறது. ஆய்வாளரின் குறிப்பேட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றிப் பேச வருபவரிடம் இதை முதலிலேயே விளக்கி, அதன் பின்னரே சம்மதம் பெறுமாறு மாணவரைப் பழக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

களத்தில் வேலை செய்த ஒருவரையேனும் ஒவ்வொரு குழுவிலும் சேருங்கள். தமிழில் நடந்த நேர்காணலின் தமிழ் மூலத்தை, பெயரும் அடையாளமும் நீக்கிய வடிவில், பின்னிணைப்பாகக் கேளுங்கள். அப்படியும் ஒரு திட்டத்தை நிராகரிக்க நேர்ந்தால், முறையில் எங்கே பிழை என்று ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
முன்னாள் சட்ட மாணவி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6