தம்பிக்கு, அந்த 51 பற்றி

அன்புள்ள தம்பி,

5-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 51 வருகிறது என்று நீ அனுப்பிய ஜாவாஸ்கிரிப்ட் கோட்-ஐப் பார்த்தேன். இன்புட் பெட்டியில் எதைத் தட்டினாலும் அதன் வேல்யூ ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்துகளின் தொடராகத்தான் வரும். டைப் நம்பர் என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். + குறிக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் மறுபக்கத்து எண்ணையும் ஸ்ட்ரிங்காக்கி ஒட்டிவிடும். கழித்தலுக்கு ஒட்டும் வேலை கிடையாது, "5" - 1 ஒழுங்காக 4 தரும். உன் கழித்தல் பட்டன் மட்டும் சரியாக ஓடியது அதனால்தான்.

சரி, பெட்டியில் வந்ததை எண்ணாக மாற்றித் தரும் நம்பர் ஃபங்ஷனில் போட்டுவிட்டுக் கூட்டினால் 6 வந்துவிடும். அதோடு எழுந்து போய்விடாதே. வெற்று ஸ்ட்ரிங்கை அதில் போட்டால் 0 வரும். வெறும் ஸ்பேஸ் இருந்தாலும் 0, மதிப்பே இல்லை என்று குறிக்கும் நல் கொடுத்தாலும் 0. டைப் நம்பர் பெட்டியில் ஒருவர் 12-3 என்று தவறாகத் தட்டினால், பிரவுசர் உனக்குக் கொடுப்பது வெற்று ஸ்ட்ரிங். ஆக அதுவும் 0.

நான் எழுதிய மதிப்பெண் பக்கம் ஒன்றில் இப்படித்தான் ஆனது. தேர்வே எழுதாதவர்களுக்கு 0 விழுந்து வகுப்புச் சராசரி இறங்கிவிட்டது. எரர் எதுவும் வராததால் யாரும் தேடவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துக் கலங்கியவர்களை நினைத்தால் இன்றும் மனது கேட்பதில்லை.

"12கிலோ" மாதிரி வந்தால் நம்பர் ஃபங்ஷன் நாட்-எ-நம்பர், அதாவது 'எண் இல்லை' என்ற மதிப்பைத் தரும். அது தனக்குத் தானே சமமில்லாத மதிப்பு, சமமா என்று பார்க்கும் === வைத்துப் பிடிக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கவே இருக்கும் நம்பர்.இஸ்நேன் வேண்டும். ஸ்ட்ரிங்கின் தொடக்கத்தில் இருக்கும் முழு எண்ணைப் படிக்கும் பார்ஸ்இன்ட், அதே ஸ்ட்ரிங்கில் 12-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பயனர் தட்டும் பெட்டிக்கு எனக்கு அந்தத் தாராளம் பிடிக்காது. அப்புறம், பழைய கோட்-இல் பார்ஸ்இன்ட்டுக்கு இரண்டாவதாக 10 கொடுத்திருப்பார்கள், பத்தடிமான எண்ணாகப் படி என்று சொல்வது அது; அதை அழித்துவிடாதே. 2009-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் 5 என்ற ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைக்கு முன் "08"-ஐ எட்டடிமான எண்ணாகப் படித்து 0 தந்த பிரவுசர்கள் உண்டு.

பிரவுசர் தகவலைச் சேமித்துவைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் ஃபால்ஸ் என்று நீ சேமித்ததும் ஸ்ட்ரிங்காகத்தான் திரும்பி வரும். காலியில்லாத ஸ்ட்ரிங் எதுவானாலும் இஃப்-க்குள் ட்ரூதான், ஆக அந்த ஃபால்ஸும் ட்ரூ ஆகிவிடும்.

நீ லூப்புக்குள் மூன்று இடத்தில் ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றுகிறாய், அது வேண்டாம். பெட்டியிலிருந்து வாங்கும் அந்த ஒரே வரியில் ட்ரிம் செய்து முன்பின் ஸ்பேஸை வெட்டு, வெற்றாக இருக்கிறதா என்று பார், அப்புறம் நம்பர் ஆக்கு. பெட்டியைக் காலியாக விட்டு ஒருமுறை ஓட்டி, என்ன வந்தது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்