காளியும் நானும்

பாலக்கோடு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ டிவியில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனதில் இந்த வாரம் மூன்று படம் பார்த்துவிட்டோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே பார்ப்பாள். அவள் கை நின்றால் காட்சி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

'மெய்யழகன்' பாதியில் அசந்துவிட்டேன், பேச்சு அவ்வளவு நீளம். ஆனால் அந்தப் பழைய சைக்கிள் கதைக்கு எழுந்து உட்கார்ந்தேன். 'கடைசி விவசாயி'யில், சிறையில் இருக்கும் பெரியவரின் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லி நீதிபதி போலீஸ்காரரை அனுப்புகிறார். தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வருஷம் நம்மை யார் கேட்டார்கள்? சரி, அதை விடு.

மூன்றாவது 'முள்ளும் மலரும்'. 1978இல் வந்த படம், நம் பக்கத்து டென்ட் கொட்டாய்க்கு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். ரஜினி நடித்த காளி, மேலதிகாரியான இன்ஜினியரை முறைக்கும்போதெல்லாம் விசில் அடித்தவன் நான். மலைமேல் ஆளை ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிற காளி நம்ம ஆள், இன்ஜினியர் வெளியூர்க்காரன். அப்போது அவ்வளவுதான் கணக்கு.

இந்தத் தடவை பார்த்தால் இன்ஜினியர் மேல் ஒரு தப்பும் தெரியவில்லை, பாப்பா. வேலையில் ஒழுங்கு கேட்கிறார், அவ்வளவுதான். காளியின் தங்கை வள்ளியாக வரும் ஷோபாவின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டைரக்டர் மகேந்திரன் வசனத்தில் அத்தனை சிக்கனம். மீதியைப் பாலுமகேந்திராவின் கேமராவும் இளையராஜாவும் பார்த்துக்கொள்கிறார்கள்.

கடைசியில், அண்ணனுக்குப் பிடிக்காத அந்த இன்ஜினியரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகும்போது, ஊரே ஒரு பக்கம் நிற்க, வள்ளி அண்ணனிடம் ஓடி வந்துவிடுகிறாள். அப்புறம்தான் காளி அவளை இன்ஜினியரிடம் கூட்டிப்போய் விடுகிறான். அப்போதும், உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான்.

அம்மாவின் கை நின்றது. அவள் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உன் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிற போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தேனே, அது எனக்கும் ஞாபகம் வந்தது. காளியாவது வாய்விட்டுச் சொன்னான். நான் அதையும் சொல்லவில்லை. மாப்பிள்ளை இரண்டு தடவை வந்து "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

படம் முடிந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் தட்டை என் பக்கம் தள்ளினாள். மீதியை நான்தான் பிதுக்கினேன். கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். பிதுக்குப் பருப்புக் குழம்பு என்றால் மாப்பிள்ளைக்கு உயிராமே, அம்மா சொன்னாள்.

அன்புடன்,
அப்பா