பழைய பாட்டைக் கனமாக வாசிக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நீயும் உன் கூட்டாளிகளும் ஒத்திகை பார்த்தபோது, ஆச்சி தூணில் சாய்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிதார் உறுமத் தொடங்கியதும் பாக்குவெட்டி நின்றது. பாட்டு இரண்டாம் சுற்றுக்கு வந்த பிறகுதான், "இது நம்ம தாலாட்டுல்ல?" என்று கேட்டார்கள். அன்றிரவு கிளம்பும்போது, அடுத்தவர் பாட்டை அடித்து வாசித்து வாங்கும் பெயர் ஒரு பெயராகுமா என்று நீ என்னிடம் கேட்டாய். வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் அல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். மாசி, பங்குனித் திருவிழா மேடைகளில் எங்களுக்குக் கிடைத்த உச்சப் பாராட்டு, "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு" என்பதுதான். அந்த ஒரு வார்த்தைக்காக இடையிசையின் ஒவ்வொரு புல்லாங்குழல் துணுக்கையும் கேசட்டை ஓட்டி ஓட்டி எழுதி எடுப்போம். உன்னைப் போல் கிதாரை உறுமவிட்டு வாசிக்கும் ஹார்ட் ராக் குழுக்களிடம் இந்தக் கணக்கு தலைகீழ்: ரெக்கார்டு மாதிரி இருந்துவிட்டால் அந்தப் பாட்டு தோற்றது என்று பொருள்.

ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் என்னும் ஊரில் கிளம்பிய நாசரேத் குழுவை அமெரிக்காவின் முதல் பத்துப் பாட்டுகளுக்குள் கொண்டுபோனது 'லவ் ஹர்ட்ஸ்'. எவர்லி சகோதரர்கள் 1960-இல் மென்மையாகப் பாடி வைத்திருந்த பாட்டு அது. லாஸ் ஏஞ்சலஸின் குவையட் ரயட் குழு, ஸ்லேட் என்ற ஆங்கிலேயக் குழுவின் 1973-ஆம் ஆண்டுப் பாட்டொன்றை 1983-இல் தயாரிப்பாளரின் வற்புறுத்தலால்தான் பதிவு செய்தது. பாடகருக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. அது இடம்பெற்ற ஆல்பமோ அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

ஆனால் நீ உட்கார்ந்து கேட்கவேண்டியது சிகாகோவின் டிஸ்டர்ப்டு குழு 2015-இல் வெளியிட்ட 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'. சைமன், கார்ஃபங்கல் என்ற அமெரிக்க இரட்டையர் அதை 1964-இல் மின்சாரம் சேராத கிதாரோடு பாடினார்கள், விலைபோகவில்லை. மறு ஆண்டு தயாரிப்பாளர் டாம் வில்சன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதே பதிவின்மேல் எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் ஏற்றி வெளியிட்டார். 1966 ஜனவரியில் அது முதலிடத்துக்கு வந்தது. மூலம் என்று நாம் போற்றுவதே, ஒருவர் பின்னால் கனம் ஏற்றியதால் பிழைத்த பாட்டுதான். டிஸ்டர்ப்டு செய்தது இன்னும் வேடிக்கை. உறுமலுக்குப் பெயர்போன அந்தக் குழு இந்தப் பாட்டில் உறுமும் கிதாரை ஒதுக்கிவிட்டு, பியானோவோடும் தந்தி வாத்தியங்களோடும் தொடங்குகிறது; பாடகர் டேவிட் ட்ரேமன் கீழ்க்குரலில் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைப்பதுபோல் வைத்து, கடைசியில்தான் குரலைத் திறக்கிறார். 2016-இல் தொலைக்காட்சியில் அவர் அதைப் பாடியதைப் பார்த்துவிட்டு, பாட்டை எழுதிய பால் சைமனே பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார்.

உன் ஒத்திகையில் இல்லாமல்போனது இந்தச் சொல் தெளிவுதான். ஆச்சிக்குத் தன் தாலாட்டே அடையாளம் தெரியாமல் போனதற்குக் காரணம் சத்தம் இல்லை. முதல் அடியின் சொற்கள் கிதாருக்கு அடியில் புதைந்துபோனதுதான்.

இன்னொன்றை நீ அறியாமலே சரியாகச் செய்கிறாய். டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது ஒலியை நசுக்கி உறுமவைத்த கிதாரில், மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டைப் பிடித்தால், ஒலி நசுங்கும்போது பிறக்கும் உபசுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். அதனால்தான் பவர் கார்டில் காந்தாரத்தை விட்டுவிட்டு, சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடிக்கிறார்கள். தம்புரா மீட்டுவதும் ச, ப என்ற அதே இரண்டைத்தானே! எந்தக் காந்தாரம் என்பதைப் பாடுகிறவரிடமே விட்டுவிடுவதால், ராகத்தில் அமைந்த நம் பாட்டுகள் பலவும் பவர் கார்டின்மேல் தடுக்காமல் உட்காரும். பெங்களூரின் அகம் குழு முத்துசுவாமி தீட்சிதரின் 'ரங்கபுர விஹார'வை எலெக்ட்ரிக் கிதாரோடு பாடுவதைக் கேட்டால் உனக்கே விளங்கும்.

நீ பதிவு செய்ய நினைக்கும் அந்தச் சினிமாப் பாட்டை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 31சி பிரிவின்படி, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே கவர், அதாவது அடுத்தவர் பாட்டை நாம் பாடும் பதிவு, செய்யலாம். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான ராயல்டியையும் கட்டவேண்டும். அதையெல்லாம் செய்தாலும், தொழில்நுட்பத் தேவைக்கு அப்பாற்பட்ட மாற்றங்களை உரிமையாளரின் இசைவின்றிச் செய்யக்கூடாது. அமெரிக்கச் சட்டமோ, மூல மெட்டைச் சிதைக்காமல் தன் பாணிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. உருவை மாற்றுவதற்காகவே பாட்டை எடுக்கும் உன்னைப் போன்றவர்களுக்கு நம் சட்டம் ஒரு குறுகலான ஆளோடி. ஆச்சிக்கு அவர் ஆச்சி பாடிய தாலாட்டுக்கு இந்த வழக்கெல்லாம் கிடையாது. உன் குழுவுக்குப் பெயர் வாங்கித் தரப்போவதும் அதுதான் என்பது என் கணிப்பு.

அடுத்த ஞாயிறு வரும்போது, முதல் இரண்டு அடிகளைக் கிதார் இல்லாமல் பாடச் சொல். மூன்றாம் அடியில் டிரம்ஸ் மெதுவாக நுழையட்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் முட்டைவெள்ளைப் பூச்சுச் சுவரும் வாங்கிய ஒலியை அப்படியே திருப்பி அடிப்பதால் வளவு முழுவதும் எதிரொலிக்கிறது. இரண்டாம் கட்டில் சுருட்டி வைத்திருக்கும் பந்திப் பாய்களை எடுத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். டிரம்ஸுக்கு அடியில் இரண்டு விரித்து, சுவரோரம் நான்கைத் தொங்கவிடலாம். ஆச்சியை அதே தூணடியிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மாமா